கேட்போர் யார்?

சாந்தோமில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கடலோரத்துக்கு அடையாளம் சொல்பவர்கள் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரத்தைச் சொல்வார்கள், இல்லையென்றால் கலங்கரை விளக்கத்தைச் சொல்வார்கள். எனக்கு இன்று வேறொரு அடையாளம் வேண்டியிருக்கிறது. பழைய மயிலாப்பூர் கடலை ஒட்டியே இருந்தது. அங்கே நேமிநாதருக்கு ஒரு சமணக் கோயில் இருந்தது, கடல் ஏறி வந்தபோது திருவுருவத்தை மேல்சித்தாமூருக்கு எடுத்துப் போனார்கள் என்பது சமணர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. குணவீர பண்டிதர் தம்முடைய இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டது இந்த நேமிநாதரை நினைத்துத்தான். நன்னூலுக்குக் கிடைத்திருக்கும் உரைகளில் மிகப் பழையதை எழுதியவருக்கு மயிலைநாதர் என்று பெயர். அதுவும் இதே தெய்வத்தின் பெயர் என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். நன்னூலிலிருந்து பேச்சைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான தரை சென்னையில் எனக்குத் தெரியவில்லை.

பேச எடுத்துக்கொண்டது பார்வைக்குச் சின்ன விஷயம். நல்ல புத்தகமாக ஒன்று சொல்லுங்களேன் என்று ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் சொல்கிறார். 1977-இல் அண்ணா சாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் சில கடைகளோடு தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி நந்தனம் திடலை நிரப்பும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தக் கேள்வி ஊர் முழுக்கக் கேட்கிறது. பதில்களுக்கும் பஞ்சமில்லை: இந்த ஆண்டு வாங்கவேண்டிய 10 நூல்கள், சாவதற்குள் படித்தாகவேண்டிய 100 நூல்கள். படிக்காமல் செத்தவர்களை யாரும் தேடிவந்து விசாரித்ததாகச் செய்தி இல்லை என்றாலும் பட்டியல்கள் நிற்பதில்லை. பரிந்துரை என்றால் ஒரு புத்தகத்தைப் பற்றிய தீர்ப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் கட்சி வேறு. பரிந்துரை என்பது முதலில் ஓர் ஆளைப் பற்றிய கணிப்பு. யாருக்கு என்று சொல்லாத பரிந்துரை எவ்வளவு மெய்யாக இருந்தாலும் அது வெறும் பாராட்டு. இந்தக் கணிப்பைப் பழகாத வாசகரின் வாசிப்பு பாதியில் நிற்கிறது. எழுத ஆசைப்படுகிறவர் இதைப் பழகாவிட்டால் நட்டம் இன்னும் பெரியது. இன்னும் நூலொன்றும் வெளியிடாமல் எழுத ஆசை மட்டும் உள்ள வரிசையில் நிற்பவன் நான் என்பதால், கடைசியில் சொன்னதை எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன்.

நம் மரபில் பரிந்துரைக்கு இலக்கணமே உண்டு. அதற்குப் பெயர் பாயிரம். எவ்வளவு விரிந்த நூலாக இருந்தாலும் பாயிரம் இல்லாவிட்டால் அதை நூலென்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார் நன்னூல் எழுதிய பவணந்தியார். இன்று புத்தகத்தின் முன்பக்கங்களில் நாம் பார்க்கும் அணிந்துரை, முகவுரை என்ற சொற்களெல்லாம் பாயிரத்துக்கு நன்னூல் தரும் மறுபெயர்கள்தாம். புனைந்துரை என்பதும் அதே வரிசையில் இருக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் நம் பதிப்பாளர்கள் ஏனோ எடுத்துக்கொள்ளவில்லை; எடுத்துக்கொண்டிருந்தால் சில புத்தகங்களில் உண்மை விளங்கியிருக்கும். சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும்: ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலமும் களமும் காரணமும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. இந்த எட்டில் புகழ்ச்சிக்கு ஓர் இடம்கூட ஒதுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எட்டும் தகவல்கள். ஏழாவதாக நிற்கிறது பாருங்கள், கேட்போர், அதுதான் இன்று என் பொருள். இன்னது கற்றவர், இன்ன பக்குவம் உள்ளவர் இந்த நூலைக் கேட்கலாம் என்று சொல்லும் இடம் அது. நூலைப் பற்றிச் சொல்ல வந்த ஒரு வடிவத்துக்குள், நூலுக்கு வெளியே நிற்கும் ஓர் ஆளுக்கு அன்றைக்கே இடம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பாயிரம் யார் எழுதலாம் என்பதற்கும் வரையறை இருக்கிறது. தன் ஆசிரியன், தன்னோடு படித்தவன், தன் மாணவன், தகுதியுள்ள உரைகாரன் ஆகிய நால்வரில் ஒருவர் எழுத வேண்டும். நூலாசிரியன் தானே எழுதக்கூடாது. எல்லாம் அறிந்தவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது. இதற்கு விலக்காகச் சில சந்தர்ப்பங்களையும் நன்னூல் சொல்கிறது. அவற்றுள் ஒன்று, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே நிற்க நேர்வது. இன்றைக்குப் புத்தகம் எழுதியவர்கள் எல்லாரும் இந்த விதிவிலக்கின் கீழ்தான் இயங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்தவர் பனம்பாரனார். தொல்காப்பியரோடு கூடப் படித்தவர் என்று மரபு சொல்கிறது. அந்தப் பாயிரம் நண்பனின் மேதைமையைப் பாடிக் களிப்பதில் நேரம் போக்குவதில்லை. மொழி வழங்கும் எல்லை எது, முந்துநூல் எப்படிப் பயன்பட்டது, எந்தப் பாண்டியன் அவையில், எந்த ஆசான் முன்னிலையில் நூல் அரங்கேறியது என்று வரிசையாகச் சொல்லி முடிக்கிறது.

இந்த ஒழுங்கு எங்கே குலைந்தது என்று பார்க்க நெடுந்தூரம் போக வேண்டாம், மயிலாப்பூருக்குள்ளேயே சான்று இருக்கிறது. வள்ளுவர் இந்த ஊர்க்காரர் என்ற நம்பிக்கையும் அவருக்கென ஒரு கோயிலும் இங்கே உண்டு. அவர் நூலுக்கு வாய்த்த பாராட்டுத் தொகுதிதான் திருவள்ளுவமாலை. 55 பாடல்கள். கபிலர், பரணர், நக்கீரர் என்று சங்கப் புலவர் பெயர்களெல்லாம் அவற்றின் தலையில் இருக்கின்றன. அசரீரியும் நாமகளும்கூட ஆளுக்கொன்று பாடியிருக்கிறார்கள். பிற்காலத்தார் இயற்றிப் பெரியவர்கள் பெயரில் ஏற்றியவை இவை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பிரபலமானவர் பெயரைப் பின்னட்டையில் போடும் பழக்கத்துக்கு இதைவிடப் பழைய முன்மாதிரி தேட முடியாது. குறள் பரவியதில் இந்த 55 பாடல்களுக்குப் பங்கே இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் குறளைக் கைமாற்றிக் கைமாற்றி நம்மிடம் சேர்த்த பெருவேலையைச் செய்தவர்கள் பரிமேலழகர் முதலான உரைகாரர்கள். இந்த இடத்தில் இந்தப் படிப்பாளிக்கு என்ன சந்தேகம் வரும் என்று ஊகித்து, வருவதற்கு முன்பே பதில் எழுதி வைத்தார்கள். உரைகாரன் எப்போதும் எதிரே ஒருவனை உட்காரவைத்துப் பேசுகிறவன். நூலைப் புகழ்ந்து சாற்றுகவி பாடுகிறவனுக்கு எதிரே ஆள் தேவையில்லை, நூலாசிரியர் பக்கத்தில் இருந்தால் போதும். 19-ஆம் நூற்றாண்டில் அச்சேறிய தமிழ் நூல்களைப் புரட்டிப் பாருங்கள். இன்ன ஊர் வித்துவான் இயற்றியது, இன்ன பள்ளித் தமிழ்ப் பண்டிதர் இயற்றியது என்று பக்கம் பக்கமாகச் சாற்றுகவிகள் ஓடும். எட்டில் ஏழு உதிர்ந்துபோய் ஆக்கியோன் பெயர் மட்டும் அடைமொழிகளோடு மிஞ்சிய கட்டம் அது. அதன் நேர் வாரிசுதான் இன்றைய பின்னட்டை வாசகம்.

அதே நூற்றாண்டில்தான், தமிழ்நாட்டின் மிகச் சிறந்த புத்தகப் பரிந்துரை என்று நான் கருதுவதும் நடந்தது. ஆண்டு 1880, அக்டோபர் 21. இடம் கும்பகோணம். பரிந்துரைத்தவர் அந்த ஊருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார். எதிரே உட்கார்ந்தவர் அந்த ஆண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த 25 வயது உ.வே. சாமிநாதையர். அவரே தம் சுயசரிதையில் விரிவாகச் சொல்லியிருக்கும் இந்தச் சந்திப்பு பல மேடைகளில் பேசித் தேய்ந்தது என்று எனக்குத் தெரியும். வழக்கமாக இதைச் சொல்பவர்கள் சீவகசிந்தாமணி என்ற பெயர் வந்ததும் கைதட்டலுக்கு நிறுத்திவிடுவார்கள். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய பகுதி. முதலியார் எடுத்தவுடனே புத்தகத்தின் பெயரைச் சொல்லவில்லை. யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயர் வந்தது. அந்தக் காலத்தில் தமிழ் படித்த எவரையும் நிமிர்ந்து உட்காரவைத்த பெயர். முதலியார் அசையவில்லை. என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள் என்று இளைஞர் அடுக்கினார். இவற்றால் என்ன பயன் என்ற தொனியில் பதில் வந்தது. புராணங்கள், நைடதம், கம்பராமாயணம் என்று பட்டியல் நீண்டது. அப்போதும் திருப்தியில்லை. முழுப் பட்டியலும் தீர்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது: இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா?

கவனியுங்கள், அந்தக் கேள்வியில் புகழ்ச்சி இல்லை. சிந்தாமணி உயர்ந்த காவியம் என்று நிறுவ முதலியார் முயலவில்லை. எதிரே இருப்பவரின் படிப்பை ஓரம்வரை அளந்து பார்த்தார். விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்டுகொண்டார். அந்த விளிம்புக்கு அடுத்த அடியில் புத்தகத்தை வைத்தார். இன்னொன்றும் செய்தார், அதைத்தான் நாம் அதிகம் மறந்துவிடுகிறோம்: தம்மிடமிருந்த கைப்பிரதியைக் கொடுத்ததோடு, அதைத் தமக்குப் பாடம் சொல்லும்படியும் கேட்டார். பரிந்துரைத்தவரே முதல் கேட்போராக உட்கார்ந்தார். சமண நூல் என்பதால் புரியாத இடங்கள் வழியை மறித்தன. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டுத் தெளிந்தார். சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. நான் தொடக்கத்தில் சொன்ன மயிலைநாதர் உரையையும் 1918-இல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவரே. ஒரு பரிந்துரை இத்தனை தூரம் போகும் என்று முதலியார் எதிர்பார்த்திருக்க முடியாது. தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. அதே சிந்தாமணியை அவர் ஊரில் கண்டவருக்கெல்லாம் சிபாரிசு செய்திருந்தால் ஏட்டுச்சுவடிகள் இருந்த இடத்திலேயே பொடிந்திருக்கும்.

இங்கே ஒரு தடை எழும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு முதலியார் வந்து உட்காரமாட்டார், இன்றைக்கு அந்த வேலையைக் கணினி செய்கிறது, நீ வாங்கியதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்து எதை வாங்குவாய் என்று உன்னைவிட நன்றாகச் சொல்கிறது என்பார்கள். உண்மைதான். இணையக் கடையின் கணக்கும் ஓர் ஆளைப் பற்றிய கணிப்புத்தான். என் இலக்கணப்படி அது பின்னட்டை வாசகத்தைவிட மேலானது என்றுகூட ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது எதைக் கணிக்கிறது? இதை வாங்கியவர்கள் வேறு எதை வாங்கினார்கள் என்று பார்க்கிறது. ரசனை போகும் திசையிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகிறது. 1880-இன் சாமிநாதையரை அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். இன்னொரு யமக அந்தாதியைக் கொண்டுவந்து நீட்டியிருக்கும். அவரும் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பார். முதலியார் செய்தது எதிர்த்திசை வேலை. அந்த இளைஞரின் ரசனைக்கு அவர் உடன்படவில்லை, அவருடைய திறமைமீது நம்பிக்கை வைத்தார். ஓர் ஆளின் விருப்பம் வேறு, ஓர் ஆளால் முடிவது வேறு. முதலாவது, வாங்கிய ரசீதுகளிலேயே தெரிந்துவிடும். இரண்டாவதைத் தெரிந்துகொள்ள எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும்.

இதை ஒரு தனிமனிதரின் சாமர்த்தியம் என்று விட்டுவிடாமல் நிறுவனமாக்க முடியுமா என்று யோசித்தவர் இங்கிருந்து நடக்கிற தூரத்தில், சேப்பாக்கத்தில் வேலை பார்த்தார். சீர்காழியில் பிறந்த கணிதப் பேராசிரியர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலகத்துக்கென அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-இல் புத்தகமாக வந்தன. உலகமெங்கும் நூலக மாணவர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். நூல்கள் பயன்படுவதற்காக இருக்கின்றன என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மூன்றாவது. இரண்டும் மூன்றும் ஒரே செய்தியைத் திருப்பிப் போட்டவை என்று தோன்றலாம். அப்படியில்லை. இரண்டாவது விதி கதவருகே தயங்கி நிற்கும் மனிதரிடமிருந்து தொடங்குகிறது. மூன்றாவது, யாரும் தொடாமல் தட்டில் தூசி படியும் புத்தகத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டையும் நடுவில் சந்திக்கவைப்பதே நூலகரின் வேலை என்று அவர் கருதினார். வாசகருக்கு நேரே நின்று துணைசெய்யும் பணியை நூலகத்தின் உயிர் என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டார். அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் ஒரு நடமாடும் நூலகம் புறப்பட்டது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொதுநூலகச் சட்டமும் வந்தது. சட்டத்தின் பயனாகக் கட்டடங்களும் நூலக வரியும் வந்து சேர்ந்தன. வாசகரோடு பேச நேரமுள்ள நூலகரை மட்டும் எந்தச் சட்டமும் கொண்டுவரவில்லை.

இப்போது கடினமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். கேட்போர் என்ற அந்தப் பழைய சொல்லை நான் ஏதோ பொற்காசு கண்டெடுத்ததுபோல எடுத்துக் காட்டுகிறேனே, அது யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது? நன்னூலே மாணவர்களைத் தலை, இடை, கடை என்று பிரிக்கிறது. அன்னமும் பசுவும் போன்றவர் ஒருபுறம், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றவர் மறுபுறம். குடியன், சோம்பேறி, சினமுடையவன், தூங்கிவழிபவன் என்று பாடம் கேட்கவே தகாதவர்களுக்கு ஒரு நீண்ட பட்டியலும் உண்டு. இவையாவது குணத்தைப் பற்றியவை. பட்டியலில் ஏறாமலேயே வெளியே நின்றவர்கள் எத்தனை பேர்? பெண்கள், உழுதவர்கள், கடலோடிகள். இதே சாந்தோம் கரையில் வலை இழுத்தவர்களின் பெயர் எந்தப் பாயிரத்தின் கேட்போர் வரிசையிலும் வந்ததில்லை. இந்த ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுச் சமாதானம் கிடையாது; அது சரியான ஆட்சேபம். பழைய பாயிரம், இந்த நூலுக்குத் தகுதியானவர் யார் என்று கேட்டது. ரங்கநாதனின் இரண்டாவது விதி, இவருக்குத் தகுதியான நூல் எது என்று கேட்கிறது. முதல் கேள்வியில் தேர்வு எழுதுபவர் வாசகர், இரண்டாவதில் தேர்வு எழுத வேண்டியது புத்தகம். கேட்போர் என்ற இடத்தை நான் மீட்கச் சொல்வது இந்தத் திருப்பத்தோடு சேர்த்துத்தான். இடத்தையே எடுத்துவிட்டால் எல்லாருக்கும் கதவு திறந்துவிடும் என்பது ஏமாற்று. எல்லாருக்கும் ஏற்ற நூல் என்று போட்டால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்தாம் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வார்கள். முதல்முறையாகப் புத்தகத்தைக் கையில் எடுப்பவர், இது தனக்கில்லை என்று பத்தாம் பக்கத்தில் மூடிவைப்பார், குற்றம் தன்னுடையது என்றும் நினைத்துக்கொள்வார்.

நவீனத் தமிழில் பரிந்துரையை ஒரு தொழிலாகவே செய்தவர் க.நா. சுப்ரமண்யம். நல்ல புத்தகங்களை அறிமுகப்படுத்தி அவர் எழுதிய கட்டுரைத் தொகுதிக்குப் பெயர் 'படித்திருக்கிறீர்களா?'. முதலியார் கேட்ட அதே கேள்வி என்பது என்னை மகிழ்விக்கிறது. ஹாம்சனின் நாவலை நிலவளம் என்றும், லாகர்க்விஸ்டின் நாவலை அன்பு வழி என்றும் தமிழாக்கித் தந்தவரும் அவரே. சிபாரிசு செய்த புத்தகத்தை வாசகருக்கு எட்டவைக்கும் பொறுப்பையும் சேர்த்து ஏற்றவர். ஆனால் அவர்மீது கடைசிவரை ஒட்டியிருந்த குற்றச்சாட்டு பட்டியல் போடுகிறார் என்பது. சிறந்த நாவல்கள் இவை, சிறந்த சிறுகதைக்காரர்கள் இவர்கள் என்று பெயர்களை உதிர்ப்பார், காரணம் கேட்டால் ரசனை என்பார். அவருடைய நண்பர் சி.சு. செல்லப்பாவுக்கே இது போதவில்லை. 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இதழில் வரிவரியாக அலசிக் காட்டும் விமரிசனத்தை அவர் வளர்த்தார். இலங்கையிலிருந்து கைலாசபதி சமூகப் பார்வையை வைத்துக் க.நா.சு.வைக் கடுமையாக எதிர்த்தார். பட்டியலா, அலசலா, சமூகமா என்ற இந்தச் சண்டை அரை நூற்றாண்டாகத் தமிழ் விமரிசனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே நின்று பார்க்கும் எனக்கு மூவருமே ஒரு தகவலை விட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. புத்தகம் நல்லதா என்று மூவரும் கேட்டார்கள், யாருக்கு என்று தாளில் எழுதியவர் இல்லை.

தாளில் எழுதியவர் இல்லை என்றுதான் சொன்னேன். நடையில் செய்தவர் உண்டு. செல்லப்பா தம் பிரசுரங்களைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் பேசி விற்றார். அதை ஒரு லட்சியவாதியின் துயரக் கதையாகச் சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. பொருளாதாரத்தைப் பார்த்தால் துயரம்தான். ஆனால் அந்த மூட்டையோடு அவர் செய்தது பாயிரத்தின் ஏழாவது இடத்தை நிரப்பும் வேலை. எதிரே நிற்கும் முகத்தைப் பார்த்து, எந்தப் புத்தகத்தை மூட்டையிலிருந்து எடுப்பது என்று ஒவ்வொரு முறையும் அவர் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. கணையாழியின் கடைசிப் பக்கத்திலும் பின்னர் ஆனந்த விகடனிலும் சுஜாதா புதுக் கவிஞர்களை அறிமுகப்படுத்தினாரே, அதன் பலமும் இதே இடத்தில் இருக்கிறது. தன் பத்தியைப் படிப்பவர் யார், அவருக்குக் கவிதையில் எவ்வளவு பொறுமை இருக்கும் என்று அவர் துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தார். அவர் தேர்வுகளோடு சண்டைபோடலாம். நானே போடுவேன். வாசகரைப் பற்றிய அவர் கணக்கு அநேகமாகத் தப்பியதில்லை.

நண்பர் நண்பருக்கு எழுதும் முன்னுரை, பரஸ்பரம் முதுகு சொறிவது, இதை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தன்னோடு படித்தவன் பாயிரம் எழுதலாம் என்று நன்னூலே அனுமதித்திருக்கும்போது நட்பைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரு நூல் உருவான வழியும் காரணமும் நண்பனுக்குத்தான் தெரியும். கெடுதல் எங்கே நுழைகிறதென்றால், நண்பன் தகவலை விட்டுவிட்டுத் தீர்ப்பு எழுத உட்காரும்போது. ஓர் எளிய பரிசோதனை உண்டு. முன்னுரையை எடுத்துக்கொண்டு, இந்தப் புத்தகம் யாருக்குப் பிடிக்காது என்று அதில் எங்கேயாவது சொல்லியிருக்கிறதா என்று தேடுங்கள். சொல்லியிருந்தால் எழுதியவர் நூலைப் படித்திருக்கிறார். சொல்லவில்லை என்றால் உறவைப் பராமரித்திருக்கிறார். கேட்போர் என்று ஒருவரைச் சுட்டுவதிலேயே கேளாதார் என்று இன்னொருவரும் அடங்கியிருக்கிறார். அதைச் சொல்லத் துணியாத பரிந்துரையை வைத்துக்கொண்டு 200 ரூபாய் செலவழிக்கலாமா கூடாதா என்று யாரும் முடிவுசெய்ய முடியாது.

எழுதுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு, அவன் எழுதட்டும், வாசகனை நினைத்து எழுதினால் எழுத்துச் சந்தைச்சரக்கு ஆகிவிடும் என்பது கடைசி ஆட்சேபம். நம் சூழலில் இதற்கு மரியாதை அதிகம். நான் எனக்காகவே எழுதுகிறேன் என்று சொல்வது எழுத்தாளனின் மூக்கணாங்கயிறு அறுந்த சுதந்திரம்போலக் கேட்கிறது. வேதநாயகம் பிள்ளையைப் பாருங்கள். அவரும் ஒரு முன்சீப். நீதித்துறைக்குத் தமிழ் இலக்கியம் பட்ட கடன் சற்று அதிகம்தான். தமிழுக்கு முதல் நாவலைத் தந்தவர். பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 53. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்க எழுதினேன் என்று முன்னுரையிலேயே காரணம் சொல்கிறார். பாட்டிலே ஊறிய படிப்பாளிக்கு வசனத்தில் கதை என்ற புதுப்பண்டத்தைப் படிக்கத் தர வேண்டும் என்பதால்தான் நாவலுக்குள் அத்தனை துணைக்கதைகளும் விகடங்களும் வந்தன. பெண்களுக்கென்றே பெண்மதிமாலை பாடினார்; பழைய மரபு கேட்போர் வரிசையில் சேர்க்காதவர்களைப் பெயர்சொல்லி முன்வரிசையில் உட்காரவைத்தார். வாசகரை நினைத்ததால் அவர் எழுத்து சரக்காகிவிடவில்லை. வாசகர் விரும்பியதை அவர் தரவில்லை என்பதுதான் காரணம். அப்படியொரு வாசகர் கூட்டமே அப்போது இல்லை. இல்லாத ஒருவரை எதிரே உட்காரவைத்து எழுதினார், பிறகு அவர்கள் வந்தார்கள். சந்தையை நினைப்பது, இருக்கும் விருப்பத்தை எண்ணிக்கை எடுப்பது. கேட்போரை நினைப்பது, முதலியார் செய்ததுபோல விளிம்பைத் தேடுவது. இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்வதால்தான், நமக்குள் ஒரு சாரார் யாருக்கும் எழுதாமலும் இன்னொரு சாரார் எல்லாருக்கும் எழுதியும் களைத்துப்போகிறோம்.

இந்த விளிம்பு தேடும் பழக்கத்தை ஒருவன் தன் எழுத்திலேயே நேரடியாகக் கற்றுக்கொள்வது கடினம். தன் எழுத்து எங்கே இருண்டு கிடக்கிறது என்று எழுதியவனுக்குத் தெரியாது. எல்லாம் அவன் மனத்தில் ஏற்கெனவே வெளிச்சமாக இருக்கிறது. பிறர் நூலில்தான் பழக வேண்டும். இந்த நாவலை இவருக்குக் கொடுத்தால் முதல் 60 பக்கத்தில் எங்கே சோர்வார், எந்தப் பாத்திரம் அவரைப் பிடித்து நிறுத்தும், எதை முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும், எதைச் சொல்லிக் கெடுக்கக்கூடாது என்று ஒரு குறிப்பிட்ட மனிதரை வைத்து யோசிக்கும்போது, அந்த நாவலின் எலும்புக்கூடு தெரிய ஆரம்பிக்கிறது. கதைச் சுருக்கம் எழுதினால் இது தெரியாது. அருமை, நெகிழ்ந்தேன் என்று எழுதினால் நிச்சயமாகத் தெரியாது.

இவ்வளவு பேசிவிட்டு ஒரு புத்தகத்தையாவது முறைப்படி சொல்லாமல் இறங்கினால் நான் வகுத்த சட்டத்தை நானே மீறியவனாவேன். ஆக்கியோன் பெயர் உ.வே. சாமிநாதையர். நூற்பெயர் 'என் சரித்திரம்'. வந்த வழி, 1940-இலிருந்து ஆனந்த விகடனில் வாரந்தோறும் தொடராக. யாப்பு, ஒரு சிறுவனுக்கும் புரியும் வசனம். நுதலிய பொருள், ஒரு மனிதர் படிக்கக் கற்றுக்கொண்ட விதம். கேட்போர் யாரென்றால், எழுத ஆசைப்பட்டுக் கையில் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களும், பாட்டுப் புத்தகம் என்றால் விலகிப்போகும் பள்ளி ஆசிரியர்களும். வேகமாக நகரும் கதை வேண்டுபவர்கள் இதைத் தொட வேண்டாம். சாப்பாட்டுக்கும் சம்பளத்துக்கும் பக்கக்கணக்கில் கவலைப்படும் புத்தகம் இது. சமூக நீதியின் கண்கொண்டு படிப்பவர்கள் சில பக்கங்களில் கோபப்படுவார்கள், கோபப்பட்டபடியே தொடரலாம். 1942 ஏப்ரலில் ஆசிரியர் காலமாகிவிட்டதால் தொடர் நின்றுபோயிற்று. புத்தகம் 1950-இல் வந்தது. அவர் பெயரிலுள்ள நூல்நிலையம் இதே கடற்கரையில் தெற்கே, பெசன்ட் நகரில் இருக்கிறது. கும்பகோணத்துச் சந்திப்பை மட்டும் தேடிப் பிடித்துப் படிக்காமல், அந்தாதிகளையும் கலம்பகங்களையும் அவர் ஆசையாக மனப்பாடம் செய்யும் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். நூறு பக்கம் அவரோடு அந்தாதி படித்த பிறகு முதலியாரின் கேள்வி வந்தால், அது உங்களையும் சுடும்.